மாப்பிள்ளை அழுத மதியம்

ஒரு காதில் சூப்பர் ஹீரோ கட்டடங்களை இடித்துக்கொண்டிருப்பான். இன்னொரு காதில் எங்கள் அடுப்படி இடியப்ப உரல் கிறீச்சிடும்...

ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டு, நானும் என் வீட்டுக்காரரும் போனில் சீரிஸ் பார்த்த நாட்கள் அவை. கல்யாணமான புதிது.

பிள்ளைக்கு இப்போதுதான் காய்ச்சல் விட்டிருக்கிறது. அவன் தூங்குகிறான். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் என் தூக்கம் போய்விட்டது. அதனால்தான் இந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கீழக்கரையில் கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவருக்கு மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. மாமியார் முகத்துக்கு நேரே வந்து பேசமாட்டார். மாமனார் தேவைக்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டார். பலகாரத் தட்டு மட்டும் அறைவாசல் திரைக்கு அந்தப் பக்கம் வந்து வந்து நிற்கும். பாவம், மனிதர் சொந்த ஊரிலேயே விருந்தாளியாக நெளிந்துகொண்டிருந்தார்.

என்னிடமும் அப்படித்தான்.

"சாப்டியா?"

"சாப்டேன் மச்சான்."

அதற்குப் பிறகு ஃபேன் சத்தம்தான்.

அவருக்கு சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை. கல்யாண லீவு ஓடிக்கொண்டிருந்தது. பேர் மட்டும் தெரிந்த ஒருவரை பிளைட் ஏற்றிவிட்டு, அவருக்காகக் காத்திருக்கப் போகிறோமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். யாரிடமும் சொல்லவில்லை. எம்.எஸ்சி. படித்த பெண்ணுக்குப் புருஷனிடம் பேசத் தெரியாதா என்று கேட்பார்களே...

அப்போதுதான் ஒரு மதியம், "இதெல்லாம் நீ பாப்பியா?" என்று போனை நீட்டினார். முகமூடி போட்ட ஒருத்தன் மாடிக்கு மாடி தாவிக்கொண்டிருந்தான்.

"ஹாஸ்டல்ல மொத சீசன் பாதி பாத்தேன் மச்சான். அதுக்குள்ள எக்ஸாம் வந்துருச்சு."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே!

முதலிலிருந்து ஆரம்பித்தோம். லுஹர் தொழுது, சாப்பிட்டு, கதவை ஒருக்களித்துவிட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் அசருக்குப் பாங்கு சொல்லும் வரை அதே வேலை. பேச்சு கிடையாது. ஆனால் வில்லன் வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து மூச்சைப் பிடிப்போம்.

இரண்டாம் சீசனின் கடைசி எபிசோட். ஊரையே காப்பாற்றிவிட்டு ஹீரோ வீடு திரும்பினால், சொந்த அண்ணன் செத்துக் கிடக்கிறான். நான் திரும்பிப் பார்க்கிறேன்... இவர் தேம்பித் தேம்பி அழுகிறார். எனக்கும் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து உம்மா வட்டலப்பத் தட்டோடு வந்திருக்கிறார்.

இயர்போனுக்குள் ஓடுவது வெளியே கேட்குமா? அழுகைச் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்க முறையில்லை. வாப்பாவிடம் சொல்ல, வாப்பாவும் கேட்கத் தயங்கி, பக்கத்துத் தெருவில் இருந்த என் மாமியாருக்குப் போன் போட்டுவிட்டார். பாங்கு சொல்லி முடிப்பதற்குள் மாமி படியேறிவிட்டார்.

"எம்புள்ள அழுவுறான்னு சொன்னீக. அவுக வாப்பா மவுத்தானப்பக்கூட அழுவாத புள்ள. என்ன சொன்னீக அவன?"

"அல்லாவே! நாங்க என்ன லாத்தா சொல்லப் போறோம்?" இது உம்மா. "சோத்துக்கு ஊத்துன ஆணத்துல உப்புக் கூடிருச்சோ என்னமோன்னு நானே வெலவெலத்துப் போயி நிக்கிறேன்."

"உப்புக்கு யாராச்சும் தேம்பி அழுவாகளா?"

நாங்கள் வெளியே வந்தோம். இரண்டு பேர் கண்ணும் சிவப்பு. வாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னடா தம்பி, வாயத் தொறந்து சொல்லு" என்றார் மாமி.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். முகமூடிக்காரனின் அண்ணன் செத்ததற்கு அழுதேன் என்று மாமனார் முன்னால் எந்த மாப்பிள்ளை சொல்வார்?

என் வாய் தானாகத் திறந்தது.

"நாந்தான் மாமி அழுதேன். லீவு முடியப் போவுதுல்ல... என்னயப் பாத்து மச்சானும் கலங்கிட்டாக."

உம்மா முக்காட்டை இழுத்து மூக்கைத் துடைத்தார். மாமி என்னைக் கட்டிக்கொண்டு, "புருசன் பயணம் போறப்ப யாருக்குத்தேன் இருக்காது? அழுவாத புள்ள" என்று சொல்லி, அவரும் அழ ஆரம்பித்துவிட்டார். வட்டலப்பம் எல்லோருக்கும் பங்கானது.

அறைக்குள் வந்ததும் இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி... எப்டிப் பொய் சொல்ற!"

"பாதிதான் பொய் மச்சான்."

சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "மத்த சீசனெல்லாம் நீ இல்லாம நான் பாக்க மாட்டேன்" என்றார்.

சொன்னபடியே இருந்தார். தம்மாமில் ரூம்காரர்கள் அடுத்தடுத்த சீசன்களைப் பார்த்துத் தள்ளும்போது, இவர் மாடிப்படிக்கு எழுந்து வந்து எனக்குப் போன் போடுவார். "உள்ள இருந்தா கத தெரிஞ்சிரும்... நீ எதாச்சும் பேசு." நானும் பேசுவேன். மசக்கை, ஸ்கேன், பிரசவ பயம், பிள்ளை குப்புற விழுந்தது, தடுப்பூசி போட்டு அழுதது...

இப்போது லீவில் வந்திருக்கிறார். மூன்றாம் சீசனை ஆரம்பித்திருக்கிறோம் என்று பேர். இயர்போன் மாட்டுவதில்லை, பிள்ளை இருமினால் எனக்குக் கேட்க வேண்டுமே. சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிறோம்.

வில்லன் வாயைத் திறப்பதற்குள் இவர் நிறுத்திவிடுவார். "ஏ புள்ள, டாக்டர் வேற என்ன சொன்னாரு?" அதில் தொடங்கி வாப்பாவின் முழங்கால் வலி, தம்மாமில் பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை, பிள்ளைக்கு யார் மூக்கு என்ற சண்டை... நானாவது சும்மா இருப்பேனா? இவர் ஓடவிட்டால் நான் நிறுத்துவேன்.

அப்போதெல்லாம் ஒரே மதியத்தில் எபிசோட் எபிசோடாக ஓடும், எங்களுக்குள் ஒரு பேச்சு ஓடாது. இப்போது ஹீரோ அதே முதல் எபிசோடில், மாடி விளிம்பில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறான். லீவு முடியும்போதும் அங்கேதான் நிற்பான் போலிருக்கிறது.

நிற்கட்டும். எங்களுக்கு இன்னும் பேசி முடியவில்லை.