ஹாதிக் போட்டுத் தந்த கதவு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ‘ரேடியோக்காரன் கயிறு திரிக்கிறான்’ என்று கல்முனையில் சிரிக்கிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்கிறேன். என் வீட்டுக்கு வாருங்கள். முன் கதவின் வெளிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பிறகு சிரியுங்கள்.

உண்மையில் அது என் வீடு அல்ல. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். இது என் மனைவி ஸுஹைறாவின் சீதன வீடு. கட்டிக் கொடுத்தவன் அவளை ‘ராத்தா’ என்று கூப்பிடும் தம்பி ஹாதிக். கட்டாரில் மாடாக உழைத்துச் சுவர் எழுப்பினான். கடைசியில் தேக்கங் கதவையும் தானே பக்கத்தில் நின்று போட்டுத் தந்தான். “யானை முட்டினாலும் அசையாது மச்சான்” என்று உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்டிக் காட்டினான். அன்றிலிருந்து எப்போது வந்தாலும் அதே மூன்று தட்டுத்தான். பிறகு ஆழ்கடல் படகில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

நான் அமெச்சூர் வானொலிக்காரன். லைசன்ஸ் உண்டு. முன் அறையில் செட். ஜன்னல் வழியாகத் தென்னைமரத்துக்கு ஏறும் ஏரியல் கம்பி. பொழுது சாயும் நேரம்தான் எங்களுக்கு அறுவடை. பகலில் கேட்காத தூர நாடுகள் அப்போது வானத்தில் பட்டுத் திரும்பி வந்து விழும். ஆனால் தூரத்துக் குரல் ஒரு சீராக இருக்காது. ஏறும், இறங்கும், கரையும். மீட்டர் முள்ளும் கூடவே ஆடும். முள் ஆடாமல் உச்சியில் நின்றால், பேசுகிறவன் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறான் என்று அர்த்தம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை. ஹாதிக் போன படகு திரும்ப வேண்டிய நாள் தாண்டி நாலு நாள் ஆகியிருந்தது. ஸுஹைறா சரியாகச் சாப்பிடவில்லை.

மாலை 6.02.

“ஜன்னலப் பூட்டுங்க. மஹ்ரிபு நேரம். ஷைத்தான் உலாவும்.”

“கம்பிய எங்கால கொண்டு வாற? ஷைத்தானுக்கும் லைசன்ஸ் வேணும் புள்ள.”

அவள் சிரிக்கவில்லை. “தம்பிட போட் ஏதும் கேட்டாச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மஹ்ரிபுத் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுக்கப் போனாள். ஆழ்கடல் படகுகளிலும் இப்படிச் செட் உண்டு. சில நேரம் எங்கள் அலைவரிசைக்குத் தவறி வருவார்கள். அதனால் அன்று அவளுக்காகவும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பிரேசில்காரன் கரைந்து கரைந்து பேசிக்கொண்டிருந்தான்.

6.09. பிரேசில்காரன் பாதிச் சொல்லில் நின்றான். பின்னணி இரைச்சலும் நின்றது. செட் ஓடும்போது அது முழுதாக நின்று நான் கேட்டதே இல்லை.

ஒரு மூச்சுச் சத்தம்...

“மச்சான்.”

எனக்குச் சந்தோசத்தில் கத்தத்தான் வந்தது. “ஹாதிக்! எங்கடா நிக்காய்?”

“கேபினுக்குள்ள. கதவப் பூட்டிட்டன். வெளிய நிக்கான்... கத்தியோட.”

“ஆரு?”

தட்! மரத்தில் கத்தி இறங்கும் சத்தம். அதற்குப் பின்னால் ஓர் ஆண் அலறினான். அலறல் பாதியில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தமாக மாறியது.

“கச்சிமுகம்மது காக்காட கழுத்து மச்சான்... வல்லிபுரம் அண்ணனையும் வெட்டிட்டான். கைய வேறயா எடுத்திட்டான்...”

எல்லாரும் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் கச்சிமுகம்மதுதான் படகோட்டி. வல்லிபுரம் விநாயகபுரத்து ஆள். இரண்டு பேரும் என் வீட்டில் சோறு தின்றவர்கள்.

மைக்கை இன்னும் கிட்ட இழுத்தேன். முக்கியமான சொல்லை மூன்று தரம் சொல்வது எங்கள் பழக்கம். ஒன்றை அலை தின்றாலும் இன்னொன்று போய்ச் சேரும்.

“கதவத் தொறக்காத! ஆரு கூப்பிட்டாலும் தொறக்காத!”

மூன்று தரமும் தொண்டை கிழியக் கத்தினேன். அப்போதுதான் முள்ளைப் பார்த்தேன்.

முள் ஆடவில்லை. உச்சியில், ஆணி அடித்த மாதிரி நின்றது.

ஏரியல் கம்பியைப் பிடுங்கித் தரையில் எறிந்தேன்.

முள் அப்படியே நின்றது...

“மச்சான். கதவத் தொறங்க.”

தட். தட். தட்.

செட்டில் கேட்டது. என் முன் கதவிலும் கேட்டது.

ஸுஹைறா தொழுகை உடுப்போடு ஓடி வந்தாள். “என்ட தம்பி!” அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது.

“ராத்தா! வெட்டுறான் ராத்தா! தொற...”

நான் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். ஆம், தலைமயிரைத்தான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் மேல் கை வைக்காதவன் நான். தரையில் தள்ளி முழங்காலால் அமுக்கினேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். சதை பிய்ந்தது. இரத்தம் வெள்ளை உடுப்பில் கொட்டியது. நான் விடவில்லை.

தட்! தடார்!

தேக்குச் சிராய்கள் உள்ளே தெறித்தன. கத்தி நுனி பலகையைத் துளைத்து வந்தது. ஈரமாக இருந்தது. திரும்பிப் போனது.

மறுபடியும் வந்தது.

6.17. பள்ளிவாசலில் பாங்கு சொன்னது...

கதவில் வெட்டு நிற்கவில்லை.

வெளியே அலறல். மூச்சே எடுக்காத அலறல்.

“ராத்தாஆ...”

பிறகு சத்தம் இறங்கியது. ஏறியது. கரைந்தது. தூர நாட்டுக் குரல் அலையோடு போவது போல, என் கதவைத் தட்டும் சத்தம் தூரமாகப் போனது. கதவு நின்ற இடத்திலேயே நின்றது.

6.31. ஒன்றுமில்லை.

கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. படியில் உப்புத் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் தேங்கிக் கிடந்தது. மீன் செதிள்கள் மிதந்தன. கதவில் வெட்டுகள். அதற்குள் அடுத்த வீட்டார் பொல்லும் தடியுமாக ஓடி வந்தார்கள், என்னை அடிக்க! அவர்களுக்கு ஸுஹைறாவின் கூக்குரல் மட்டும்தான் கேட்டதாம். தட்டினதோ வெட்டினதோ ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஸுஹைறா என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னாள். “அவன் போட்டுத் தந்த கதவு. அவனுக்கே தொறக்கல்ல நீங்க.”

அன்றிலிருந்து அவள் தாழ்ப்பாள் போட விடவில்லை. இரவிலும் கதவு சும்மா சாத்தித்தான் கிடந்தது. தம்பி திரும்பி வந்தால் தள்ளிக்கொண்டு உள்ளே வரட்டுமாம். நான் தூங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை படகை ஒலுவில் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். கச்சிமுகம்மதும் வல்லிபுரமும் வெட்டுண்டு கிடந்தார்கள். உயிரோடு இருந்தவன் படகில் போன நாலாவது ஆள் முனாஸ் மட்டும். அவனைக் கேபினுக்குள்ளிருந்து தூக்கினார்கள். காலில் ஆழமான வெட்டு. ஹாதிக் இல்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸுஹைறா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். முனாஸ் அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்.

“வெட்டினது ஹாதிக்தான் காக்கா.”

நான் ஸுஹைறாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“ரெண்டு நாளா தண்ணியப் பாத்துக் கதைச்சிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழம விடிய எழும்பி வெட்டத் தொடங்கினான். கேபினுக்க பூந்து செட்டையும் கொத்திப் போட்டான். அவன் வெளிய போன உடன நான் ஊந்து போய்ப் பூட்டிட்டன். அவன் நங்கூரக் கயித்த இடுப்பில சுத்திக்கொண்டு கடலுக்க பாஞ்சான். கண்ணாடியால பாத்த நான்.”

“ஞாயிறா?”

“ஓம். ஞாயிறு.” கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டான். “செவ்வாய் பொழுதுபட கேபின் கதவில மூணு தட்டு. ‘முனாஸ், என்ன வெட்டுறான், தொற’ எண்டு அழுகுற. ஹாதிக்ட குரல். நான் தாழ்ப்பாளில கை வெச்சிட்டன் காக்கா...”

“பிறகு?”

“செட்டில உங்கட குரல் வந்திச்சி. மூணு தரம். தொறக்காத, ஆரு கூப்பிட்டாலும் தொறக்காத எண்டு.”

“அவன் கொத்திப் போட்ட செட்டிலயா?”

“ஓம் காக்கா. துண்டு துண்டாக் கிடந்த செட்டில.”

வீடு திரும்பினோம். வந்ததும் ஸுஹைறா ஜன்னல்களைப் பூட்டினாள். பிறகு முன் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். இரண்டு தரம் தவறியது. நேரம் 6.05.

“தம்பி வந்தா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

“வந்தாலும்.”