கால் மடங்கிய குஞ்சுகளோடு காட்டாங்குளத்தூர் வரை

போன முறை பொரித்த குஞ்சுகளில் பாதிக்குமேல் எழுந்து நிற்கவில்லை. கால்கள் ரப்பர்போல மடங்கின. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, பொழிச்சலூர் மொட்டைமாடியில் கோழி வளர்த்துக் குஞ்சு விற்பதுதான் வேலை. "அடுத்த தடவையும் இப்படின்னா எல்லாத்தையும் கறிக்கடைக்குக் குடுத்துடுவேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தப் பயணம்.

காட்டாங்குளத்தூர் பக்கம் கோழிகளைப் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார். இரண்டு குஞ்சுகளைச் செருப்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு காலை எட்டே காலுக்குக் கிளம்பினேன். பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், அங்கிருந்து ரயில் பத்து ரூபாய். தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டியில் ஏறிவிடாதீர்கள். செங்கல்பட்டு வண்டிதான் வேண்டும்.

ரயிலில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எங்க இட்டுனு போற?"

"டாக்டர்கிட்டக்கா."

"கோழிக்கு டாக்டரா? என் வூட்டுக்காரரு முட்டி வலின்னு கத்திக்கினு கீறாரு, அவரையே நான் இட்டுனு போவல."

யாரிடமும் சட்டென்று பேசாத நானும் சிரித்துவிட்டேன்.

மருத்துவர் குஞ்சின் காலை நீட்டிப் பார்த்தார். "தாய்க்கோழிக்கு என்ன தீனி?"

"குருணை, கம்பு, சோளம். கால்சியமும் குடுக்கறேன் மேடம்."

"வெயில் படுதா?"

எங்கள் வீட்டுக்குமேல் விமானங்கள் தாழப் பறக்கும். நிழல் விழுந்தால் கோழிகள் மிரண்டு கம்பிவலையில் மோதும். அதனால் கூண்டு முழுக்க, வெளிச்சம் வந்தாலும் வெளியே எதுவும் தெரியாத பால்நிறப் பிளாஸ்டிக் ஷீட் போட்டிருந்தேன். "நல்லா வெளிச்சம் வரும் மேடம்" என்றேன்.

"வெளிச்சம் வரும். வைட்டமின் டி உண்டாக்கற கதிர் அந்த ஷீட்டைத் தாண்டாது. அது இல்லாம கால்சியம் மட்டும் ஊத்தி என்ன பண்றது?"

"பிராய்லர் வெயிலே பாக்கறதில்லையே மேடம், அது எப்படி நிக்குது?" வாய்விட்டுக் கேட்டது எனக்கே ஆச்சரியம்.

"கம்பெனித் தீனியிலயே அந்த வைட்டமின், டி3, கலந்திருக்கும். உன் தீனியில இல்ல. தாய்க்குக் குறைஞ்சா முட்டையிலயும் குறையும், குஞ்சுக்கும் குறையும்."

அன்றே ஷீட்டைக் கழற்றிப் பாதிக் கூண்டுக்கு மட்டும் ஓலை போட்டேன். விமானம் வந்தால் கோழிகள் அதன் கீழே ஒதுங்கிக்கொள்ளும். மருத்துவர் எழுதிக்கொடுத்த டி3 பொடியை முதலில் ஒரு பிடி குருணையில் கலந்து, பிறகு மொத்தத் தீனியில் கலக்கிறேன். அப்போதுதான் எல்லாக் கோழிக்கும் சமமாகப் போகும். சொன்ன அளவுக்குமேல் போடாதீர்கள், அதுவும் கெடுதல். இப்படிப் போகிறவர்கள் தீனியிலும் கொஞ்சம் எடுத்துப் போங்கள். குஞ்சை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான் தெரியும்.

ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி அடைவைத்தேன். போன வாரம் பொரித்த குஞ்சுகளைத் தரையில் விட்டதும் ஆளுக்கொரு பக்கம் ஓடின. ஒன்று மாடிப்படியில் இறங்கிவிட, அம்மாதான் துரத்திப் பிடித்தார்.

"இதை விக்காத" என்றார் மூச்சு வாங்க. "இது நமக்கு இருக்கட்டும்."