ஜிகினா இல்லாத சேலை

“நெசமாவே தெரிஞ்சுதான் சொல்லுதியா ஏட்டி, இல்ல வாய்க்கு வந்ததச் சொல்லுதியா?”

சித்தி என்னை நம்பாமல் கேட்டது அந்த ஒரு முறைதான். அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவின் தங்கையான அவளுக்கு இருபத்து மூன்று. கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தாள். காலையில் தெருமுனைக்கு வரும் கம்பெனி வேனில் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போவாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது. அப்பா கைநாட்டு. அம்மாவும் சித்தியும் ஆறு வயதிலேயே தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனவர்கள். அதனால் நான்காம் வகுப்புத் தாண்டியதுமே வீட்டின் படித்த ஆளாகிவிட்டேன். மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது, வருகிற பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்பதெல்லாம் என்னிடம்தான் வரும். அவை எனக்குத் தெரிந்தவை. சித்தியின் கேள்விகள் வேறு மாதிரி.

வேலை விட்டு வந்து கை கழுவுவாள். எவ்வளவு தேய்த்தாலும் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம் நகக்கண்ணில் நிற்கும். வெங்காயம் உரித்துக்கொண்டே “டீச்சரம்மா” என்று ஆரம்பிப்பாள். ஈசல் ஏன் லைட்டைத் தேடி வந்து சாகிறது? அதற்குக் குளிருகிறது என்றேன். அறுந்து விழுந்த பல்லி வால் ஏன் துடிக்கிறது? பல்லி திரும்பி வந்து அடையாளம் கண்டு எடுத்துக்கொள்வதற்கு என்றேன். கடல் தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது? தூத்துக்குடியில் உப்பளம் இருப்பதால் என்றேன்.

“அப்ப மெட்ராஸ் கடல் உப்பா இருக்காதோ?”

“அங்கன கொஞ்சம் கம்மியா இருக்கும்.”

தெரியாது என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வகுப்பில் தெரியாது என்றவர்கள் பெஞ்சு மேல் நின்றார்கள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு எல்லோரும் இருக்கன்குடி போய் வந்தோம். வீடு வந்து சேரும்போது கரண்டு இல்லை. அந்த வருஷம் சாயங்காலமானால் கரண்டு போவது வழக்கம். உள்ளறையில் சேலை மாற்றப் போன சித்தி, “டீச்சரம்மா, இங்கன வா, சீக்கிரம்” என்று கூப்பிட்டாள். கோயிலுக்கு என்று கட்டியிருந்த நைலான் சேலை அது. உடம்பெல்லாம் ஜிகினாப் புள்ளி. சேலையை உள்பாவாடையோடு சேர்த்துத் தேய்த்துவிட்டுச் சட்டென்று பிரித்தாள். படபடவென்று சத்தம். இருட்டில் நீலமாகச் சின்னச் சின்னப் பொறிகள் ஓடி மறைந்தன. மறுபடி தேய்த்தாள், மறுபடி பிரித்தாள். பயப்படவில்லை. கண்டுபிடித்துவிட்ட முகம் அவளுக்கு.

“இது என்னட்டி?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே மேலே பேசினாள். “எங்க கம்பெனியில ரூம் வாசல்ல ஒரு செம்புத் தகடு அடிச்சிருக்காக. தொட்டுட்டுத்தான் உள்ள போகணும். நாங்க எல்லாரும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுவோம், சாமி மாதிரி. எதுக்குன்னு யாரும் சொன்னதில்ல. நைலான் சேலையும் கட்டக்கூடாது, பருத்திதான் கட்டணும்பாக. இதுக்கும் அதுக்கும் எதுனாச்சும் சம்பந்தம் இருக்குமோ?”

எனக்கு அந்தப் பாடம் இன்னும் வந்திருக்கவில்லை. ஆனாலும் பதில் கைவசம் இருந்தது. ஜிகினா ஒன்றோடு ஒன்று உரசுவதால் மினுங்குகிறது, ஜிகினா இல்லாத சேலையில் பொறி வராது, தகட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அப்போதுதான் சித்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள், தெரிஞ்சுதான் சொல்லுதியா என்று.

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவளை எப்போதும் நீ, வா, போ என்று பேசுகிற நான், அன்று மரியாதை கொடுத்துப் பேசினேன். “நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீக, சித்தி?”

சித்தி சிரித்தாள். சேலையை மடித்து வைத்தாள். “அதுவுஞ் சரிதான்” என்றாள்.

புரட்டாசிக் கடைசியில், தீபாவளி சீசன் மும்முரத்தில், நாலு நாள் விடாமல் தூறியது. சித்தியிடம் இருந்தது இரண்டு பருத்திச் சேலை. இரண்டும் காயவில்லை. வேன் ஹாரன் அடித்துவிட்டது. அம்மாவின் சாதா நைலான் சேலை ஒன்றை எடுத்துக் கட்டினாள். கட்டும்போது என்னைப் பார்த்து, “இதுல ஜிகினா இல்லல்லா?” என்றாள். நான் வாய் நிறைய இட்லியோடு தலையாட்டினேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் வீட்டில் இருந்தாள். சேலை நனைந்துவிட்டது, அனுப்பிவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். நடந்தது மறுநாள் தண்ணீர்க் குழாயடியில்தான் எனக்குத் தெரிந்தது. சித்தியோடு ஒரே ரூமில் வேலை பார்த்த அடுத்த வீட்டு அக்கா குடத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நடித்தே காட்டினாள்.

ரூம் வாசலில் போர்மேன் சேலையைப் பார்த்துவிட்டார். “என்னம்மா, நைலானக் கட்டிட்டு வந்து நிக்க?”

“இதுல ஜிகினா இல்ல அண்ணாச்சி. ஜிகினா இருந்தாத்தான் பொறி வரும்.”

“யாரு சொன்னா ஒனக்கு?”

“யாரும் சொல்லல. நானாத்தான் நெனச்சேன்.”

ரூமுக்கு நாலு பேர். அதில் ஒருத்திக்கு ஏழு மாசம். அவள் எழுந்து வெளியே வந்து, இவள் உள்ளே இருந்தால் நான் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். மற்ற இருவரும் அவள் பின்னால் வந்து நின்றார்களாம். அதற்குப் பிறகு சித்தியை வெடிமருந்து ரூமுக்குள் விடவேயில்லை. லேபிள் ஒட்டும் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். “நல்லாப் போச்சு போ, நாலு உசுரையும் சேத்து ஜிகினாவாக்கிருப்பா” என்று அக்கா முடித்தாள். குழாயடி மொத்தமும் சிரித்தது. சித்திக்கு அன்றிலிருந்து ஜிகினா என்று பெயர். வேனில் இடம் போடுகிறவர்கள்கூட “ஜிகினாவுக்கு ஒரு சீட்டு விடுங்கடி” என்பார்கள்.

நான் குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்தேன். என்னைக் காட்டிக் கொடுத்துவிடுவாளோ என்பதுதான் என் பயமெல்லாம். நாலைந்து நாள் அவள் பக்கமே போகவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம்போல வெங்காயம் உரித்தாள். டீச்சரம்மா என்று மட்டும் கூப்பிடவில்லை. அந்த மழைக்கு ஈசல் மந்தையாக வந்து விழுந்தது. விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினாள், எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கேள்விகள் தீர்ந்துவிட்டன, எல்லாவற்றையும் நான் சொல்லி முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வருஷத்தில் சாத்தூருக்கு வாக்கப்பட்டுப் போனாள்.

கல்லூரி இரண்டாம் வருஷம் நிலை மின்சாரம் நடத்திய அன்று, பெஞ்சில் என் கை எழுதுவதை நிறுத்திக்கொண்டது. துணி உரசினால் உடம்பில் மின்சாரம் சேரும், செம்பைத் தொட்டால் அது தரைக்கு இறங்கிவிடும், பருத்தியில் அவ்வளவாகச் சேராது. ஒரு பத்தியில் முடிகிற விஷயம். நான் தப்பாகச் சொன்னேன் என்பது எனக்குப் பழைய செய்திதான், குழாயடியிலேயே தெரியும். சித்தி சரியாகச் சொன்னாள் என்பதுதான் அன்று புதிதாகத் தெரிந்தது. சேலை, தகடு, பருத்தி என்று மூன்றையும் இருட்டில் நின்று தானாகவே கோத்திருக்கிறாள். பாதிக்கு மேல் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் தெரியாது என்றிருந்தால் போதும், மீதியையும் அவளே கண்டுபிடித்திருப்பாள்.

என் படிப்பைச் சோதிக்கத்தான் கேட்கிறாள் என்று அந்த வயதில் எண்ணியிருந்தேன். குச்சி அடுக்கின ஆறு வயதில் பார்த்த ஈசலைப் பற்றிக் கேட்க ஆள் இல்லாமல், பதினேழு வருஷம் வைத்திருந்து, கிடைத்த முதல் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டில் என்னைவிடச் சின்னப் பிள்ளை ஒருத்தி இருந்தது எனக்குத் தெரியவில்லை.

இந்த ஜூனிலிருந்து சூலக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், ஈசல் ஏன் டீச்சர் லைட்டுக்கு வருது?” என்றாள். “எனக்குத் தெரியாது. படித்துப் பார்த்துச் சொல்கிறேன்” என்றேன்.

படித்துப் பார்த்துவிட்டு, முதலில் சித்திக்குத்தான் போன் போட்டேன். ஈசல் குளிருக்காக வரவில்லை, ஏன் வருகிறது என்று ஆராய்ச்சி பண்ணுகிறவர்களுக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லையாம் என்றேன்.

“எந்த ஈசல்?” என்றாள்.

அந்தச் சேலை விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி என்றேன். மறுபக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்து ஓய்ந்தது.

“அதெல்லாம் எதுக்கு ஏட்டி இப்ப?”

“வேற என்னல்லாம் கேட்ட சித்தி அப்ப? சொல்லேன்.”

“யாருக்கு நெனப்பிருக்கு. ஞாயித்துக்கிழமை வாரியா, கறி எடுக்கவா?”

இதை எழுதிக்கொண்டிருப்பது சாத்தூர் பஸ்ஸில். டிக்கெட் எடுத்தாயிற்று. பையில், இருட்டில் அவளோடு தேய்த்துப் பார்க்க, அம்மாவின் சாதா நைலான் சேலை ஒன்று இருக்கிறது, ஜிகினா இல்லாதது. அதற்கு மேல் ஒரு தாளில், அவள் கேட்டு நான் பொய் சொன்ன கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். பதினொன்றுதான் நினைவுக்கு வந்தது. மீதியை அவள்தான் சொல்ல வேண்டும்.