நைனா ஃபிளாஸ்கில் கொண்டுவந்த ஊசி

அக்காவின் மகன் பிறந்த சில நாளிலேயே பால் குடிக்காமல் துவண்டுபோனான். எங்கள் ஊர் சாந்திபுரத்திலிருந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தோம். ரத்தத்தில் பாக்டீரியா என்றார்கள். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் ரத்தம் எடுக்கக் குதிகாலில் குத்திய இடத்தில் கசிவு நிற்கவில்லை. அது நிற்கும்வரை பயம்தான் என்றார் நர்ஸ், பஞ்சை மாற்றிக்கொண்டே.

மறுநாள் ஊரிலிருந்து பஸ்ஸில் எங்கள் அப்பா, நைனா, வந்தார். கையில் ஃபிளாஸ்க். திறந்தால் ஐஸ் தண்ணி. அதற்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஊசி.

"இன்னா நைனா இது?"

"போன வருசம் என் காலுக்குப் போட்டாங்களே, அதான்டா. ஒண்ணு மிச்சம் இருந்துச்சி."

தக்காளித் தோட்டத்தில் முள் குத்தி, சீழ் வைத்து, காலில் ரத்தம் கட்டிக்கொண்டபோது போட்டது.

"எனக்கும் கிருமி, இவனுக்கும் கிருமி. அப்புறம் இன்னா?"

வீட்டிலேயே படித்தவன் நான்தான். அது ரத்தம் உறையாமல் தடுக்கிற ஊசி, போட்டால் கசிவு அதிகமாகும் என்பதுவரை தெரிந்தது. கிருமி வந்து நைனாவுக்கு ரத்தம் கட்டியது, இவனுக்கு மட்டும் ஏன் கசிகிறது? தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

அவர் தெலுங்கிலேயே நைனாவுக்குச் சொன்னார். ரத்தத்தை உறைய வைக்கிற பொருளும் உடம்பில் உண்டு, உறையாமல் தடுக்கிறதும் உண்டு. பெரியவர்களுக்கு இரண்டுமே நிறைய இருக்கும். கிருமி வந்தால் பல சமயம் உறையும் பக்கம் சாயும். பிறந்த குழந்தை நேற்றுத்தான் தனிக்குடித்தனம் வந்த வீடு மாதிரி. இரண்டுமே கொஞ்சம்தான். கிருமியோடு சண்டை போடுவதில் சீக்கிரம் தீர்ந்துபோகும். எந்தப் பக்கமும் சாயலாம், இவனுக்குக் கசிகிறது.

"புதுக் குடித்தனத்துக்கு வெறுங்கையோட வர்றதா? அதான் கொண்டாந்தேன்," என்றார் நைனா, அவரும் தெலுங்கில்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "தீர்ந்ததை நாங்க அனுப்புறோம். இதை மட்டும் உள்ளே கொண்டாராதீங்க."

அன்று பிளேட்லெட் பை வந்தது, மஞ்சளாக.

"ரத்தம்னா செவப்பா இல்ல இருக்கும்? மோர்க்கொழம்பு மாதிரி இருக்குதே," என்று நைனா என்னை உலுக்கினார். ரத்தத்தில் உறைய உதவுகிற பாகம் மட்டும் அது என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

காலையில் நர்ஸ் பஞ்சை எடுத்துக் காட்டினார். காய்ந்திருந்தது. நைனா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே அவன் பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தான்.

அக்காவுக்குக் காபி வாங்க நைனா அதே ஃபிளாஸ்க்கை எடுத்தார்.

"அதுல ஊசி இருந்துச்சி. எனக்கு வேணாம்பா," என்றாள் அக்கா.

"கவரைக்கூடப் பிரிக்கலம்மா," என்று முனகிக்கொண்டே கழுவப் போனார்.