ஆவூர்ப் பெண்ணின் ஞானஸ்நானச் சீட்டு

அறுபதுகளில் புதுக்கோட்டை வங்கி ஒன்றில் நான் குமாஸ்தா. ஆசிரியப் பயிற்சிக்குக் கடன் கேட்டு வந்த ஆவூர்ப் பெண்ணிடம், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் வயதைப் பார்க்காமலே புரோநோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டேன். படிப்பு முடிந்தும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கடன் கட்டாமல் நின்றது, வங்கி கோர்ட்டுக்குப் போனது. ‘ஏமாத்துக்காரி’ என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

விசாரணையன்று அவருடைய வக்கீல் அந்தப் புத்தகத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டபோது பெண்ணுக்குப் பதினேழு வயதுதானாம். மைனர் எழுதிய நோட்டு செல்லாதாம். வழக்கோடு என் வேலையும் போய்விடும்.

அப்போது அந்தப் பெண்ணே எழுந்தார்.

“ஐயா, பள்ளிக்கூடத்துல சேர்க்கயில ஒரு வயசு கொறச்சுப் போட்டுட்டாங்க. கையெழுத்துப் போட்டப்பவே எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு” என்று, மாதா கோவிலில் வாங்கி வந்த, பிறந்த தேதி எழுதிய ஞானஸ்நானச் சீட்டை நீட்டினார். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“கடன் நான் வாங்குனதுதாங்கய்யா. வேலை கெடைக்கிற வரைக்கும் டயம் குடுங்க, போதும்.”

முன்சீப் அவகாசம் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வெளியே ஓடினேன்.

“ஆவூர் பஸ்ஸு போயிருச்சாங்கய்யா?” என்று என்னிடமே கேட்டார்.

நான் அவரைப் பற்றிப் பேசியதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தச் சீட்டை நீட்டியிருப்பார். அதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது.