சாக்குக்குள் சூடு

விதையும் சுவாசிக்கும் என்று இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கரும்பலகையில் மட்டும்தான் நம்பியிருக்கிறேன் போலும்.

ஆரையம்பதியிலுள்ள என் மனைவியின் தம்பி, தன் கூரை ஒழுகுகிறதென்று விதைநெல் மூட்டைகளை எங்கள் படுக்கையறைக்கு அடுத்த அறையில் வைத்துவிட்டுப் போனான். சாக்குகள் கொஞ்சம் ஈரம். இன்னும் நனையாமல் பொலித்தீனால் இறுகச் சுற்றி, யன்னலையும் சாத்தினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்காம் நாள் மத்தியானம் அந்த அறைக் கதவைத் திறந்தேன். வெளியே மழைக் குளிர். உள்ளே யாரோ நெடுநேரம் மூச்சுவிட்ட புழுக்கம். பொலித்தீனின் உட்புறம் வியர்த்திருந்தது. அதைப் பிரித்து நெல்லுக்குள் முழங்கைவரை கையை விட்டேன். காய்ச்சல்காரனின் கக்கம்போல் சுட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, ஆளில்லாத அறையில் “யாரது?” என்று வேறு கேட்டேன்.

மச்சினன் வந்து ஒரு பிடி அள்ளி மணந்தான். புளித்த வாடை.

“மூச்சடைக்க வெச்சிக் கொன்டுபோட்டீங்களே அத்தான்! இனி என்னத்த விதைக்கிற?”

ஈரத்துணியில் முடிந்துவைத்த ஒரு பிடியில் நாலைந்து மணிதான் முளைத்தது. முளைப்பதற்காக மாவாய்ச் சேர்த்துவைத்த சக்தியை, மற்றவையெல்லாம் வெறும் சூடாக எரித்துத் தீர்த்திருந்தன.

மூன்று இரவு அவை அடுத்த அறையில் மூச்சுத் திணறியிருக்கின்றன. நான் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.