அரைஞாண் கயிற்றில் ஒரு கட்டி

கேமரா திரையில் அந்தப் புள்ளி பளிச்சென்று எரிந்ததும் எங்கள் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். கணையத்தில் ஒளிந்துகொண்டு இஷ்டத்துக்கு இன்சுலின் சுரக்கும் கட்டி, கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். பல பேருக்கு ஸ்கேனில் அகப்படவே அகப்படாது. இங்கே ஒன்று லோரி ஹெட்லைட் மாதிரி எரிகிறது. டாக்டர் உடனே சர்ஜனுக்குப் போன் போட்டார்.

எனக்கோ நம்பிக்கை வரவில்லை. எங்கள் டிபார்ட்மெண்டில் இவ்வளவு அழகாக எதுவும் கிடைத்ததில்லை.

தொண்ணூறுகளில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்டாக இருந்தேன். ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேமரா காட்டும். ஒட்டாத மருந்து சிறுநீரில் வெளியேறும். முதல் நாள் ஒரு படம், மறுநாள் ஒரு படம். இடையில் நிறையத் தண்ணீரும், வயிறு சுத்தமாகப் பேதி மருந்தும் கொடுப்போம்.

பேஷண்ட் கோபால்சாமி, ஜெஞ்சாரோம் ஊரில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி டிரைவர். ஒரு சொட்டு குடிக்காதவர். ஆனால் சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் சர்க்கரை இறங்கி நாக்குக் குழறும், கால் பின்னும், முதலாளியையே யார் நீ என்று கேட்பார். ஒருநாள் லோரியைக் கால்வாயில் இறக்கிவிட்டார். முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். கட்டியை எடுத்தால்தான் சாவி திரும்ப வரும். இடம் தெரியாமல் வயிற்றைத் திறக்க மாட்டேன் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். முதல் நாள் படத்தில் ஒன்றும் இல்லை; மறுநாள்தான் இந்தப் புள்ளி எரிந்தது.

அவர் மனைவி பரிமளத்துக்கு இந்தக் கட்டிக் கதையில் நம்பிக்கை கிடையாது. காத்திருந்தபோது என்னிடமே (ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் அவர்களுக்கு மிஸ்ஸிதான்) சொன்னார்: "தினம் ஊதச் சொல்றேன் மிஸ்ஸி, வாடையே இல்ல. வாடை இல்லாத சம்சு சாராயம் எங்க விக்கிறான்னு பாசார் பூரா விசாரிச்சிட்டேன்லா."

சைடு வியூ ஒன்று எடுத்துவிடலாம் என்று டாக்டரிடம் சொன்னேன். சர்ஜனும் கேட்பார் என்று அவர் தலையாட்டினார். எடுத்துப் பார்த்தால், புள்ளி உடம்புக்கு வெளியே அந்தரத்தில் நிற்கிறது.

டாக்டர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு, "இவருக்குக் கணையம் சட்டைக்கு மேலயா இருக்கு?" என்றார்.

உள்ளே போய் அவருடைய கவுனைத் தூக்கினேன். விலா எலும்புக்குக் கீழே, தொப்பையின் உச்சியில், ஒரு கறுப்புக் கயிறு. அதில் வெள்ளித் தாயத்து, கூடவே நீளமாக ஒரு வால். முந்தின நாள் நகை, கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லியிருந்தேன். அப்படியே செய்திருந்தார். இது நகை இல்லையே, அரைஞாண்தானே என்றார். காலையில் எங்கள் கண்ணில் படக்கூடாது என்று இடுப்பிலிருந்து மேலே இழுத்துவிட்டிருக்கிறார். ராத்திரி பேதி மருந்தும் தண்ணீரும் வேலை செய்தபோது கயிற்றின் வால் தொங்கக்கூடாத இடத்தில் தொங்கி, மருந்து கலந்த சிறுநீரில் நனைந்திருக்கிறது. கதிர்வீச்சை அளக்கும் கவுண்டரைக் கிட்டே கொண்டுபோனேன். அது அலறியது.

கழற்றுங்கள் அண்ணே என்றேன். அவர் இரண்டு கையாலும் கயிற்றைப் பொத்திக்கொண்டார். குடியை நிறுத்த பூசாரி மந்திரித்துக் கொடுத்ததாம். பரிமளம் கட்டினதாம். கழற்றினால் வீட்டுப் பக்கம் வரக்கூடாதாம்.

"நீங்கதான் குடிக்கிறதே இல்லையே அண்ணே?"

"அது எனக்குத் தெரியும் மிஸ்ஸி. இது இடுப்புல இருந்தாதான் அவளுக்குத் தூக்கம் வருது."

வேறு வழியில்லாமல் பரிமளத்தை உள்ளே கூப்பிட்டோம். சர்க்கரை இறங்கினால் மூளை பட்டினி கிடக்கும், பார்க்கிறவர்களுக்குக் குடித்த மாதிரிதான் தெரியும், வார்டில் பட்டினி போட்டு டெஸ்ட் எடுத்ததிலேயே அது உறுதியாகிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப குடி இல்லையா டாக்டர்?"

"இல்லம்மா."

வெறும் இடுப்போடு ஆம்பளையை விடக்கூடாது என்று என்னிடம் பேண்டேஜ் துணியில் ஒரு நீளம் கேட்டு வாங்கினார். அதை முதலில் இடுப்பில் கட்டிவிட்டு, நான் கொடுத்த கையுறையைப் போட்டுக்கொண்டு பழைய கயிற்றை அவிழ்த்தார்.

திரும்பப் படம் எடுத்தோம். பளிச்சென்ற புள்ளி போய்விட்டது. பெரிய வெளிச்சம் ஒன்று இருந்தால் மங்கலானதெல்லாம் திரையில் அமுங்கிவிடும். அது விலகியதால், கணையத்தின் நடுவில் மெல்ல ஒன்று தெரிந்தது. மங்கலாக, அழகே இல்லாமல். சைடு வியூவிலும் உடம்புக்குள்ளேயே இருந்தது. இந்தத் தடவை டாக்டர் எழவில்லை. இன்னும் ஒரு வியூ எடுத்த பிறகுதான் போனைத் தொட்டார்.

சர்ஜன் திறந்தபோது கட்டி அதே இடத்தில் இருந்தது.

சாமி கயிற்றைக் குப்பையில் போடக்கூடாது என்று பரிமளம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கதிர்வீச்சு அடங்கும்வரை ஈயப் பெட்டியில் பத்திரப்படுத்தினோம். சில மாதம் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். கோபால்சாமியின் சட்டைப் பையில் லோரிச் சாவி. கயிற்றைக் கொடுத்துவிட்டு, திரும்பக் கட்டிவிடப் போகிறீர்களா என்று பரிமளத்திடம் கேட்டேன்.

"லோரிக்குக் கட்டப்போறேன் மிஸ்ஸி. கால்வாய்ல இறங்குனது அதுதானே" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊதுன்னு சொன்னப்பல்லாம் ஊதினார். ஒரு தடவகூட மாட்டேன்னு சொல்லல" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அதற்குப் பிறகு எந்தப் பேஷண்டிடமும் நகையைக் கழற்றுங்கள் என்பதோடு நான் நிறுத்தியதில்லை. இடுப்பில் என்ன இருக்கிறது, அதை யார் கட்டியது என்றும் கேட்பேன். யார் கட்டியது என்று தெரிந்தால்தானே, அவிழ்க்க யாரைக் கூப்பிடுவது என்று தெரியும்.